ஏழாம் நம்பர் மலையின் பாசி

குண்டசாலை
12.06.1998

அன்பின் இராமகிருஷ்ணன்,

பொட்டலங்கள் வத்தேகமவில் சாஹுல் ஹமீது நாநாவின் கடையிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒரு வேண்டுகோள். பாசியைப் பரீட்சை விடைத்தாளில் மடித்து அனுப்புவதை நிறுத்துங்கள். நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால், ஒளித்தொகுப்பைப் பற்றி உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியிருக்கும் அநியாயங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை நீங்கள் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை நாம் நக்கிள்ஸ் காட்டில் முன்பே எடுத்தவை. ஒன்று மட்டும் எந்தக் குடும்பத்திலும் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. காய்ந்து சுருண்டு கிடந்ததை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரித்தேன். பழைய பித்தளை நிறம். இலையின் நடு நரம்பு நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இலங்கைப் பாசிகளுக்கு இருக்கும் எல்லாப் பட்டியலையும் பிரட்டிவிட்டேன். இல்லை. "பாசியோட இப்பிடித் தனியாப் பேசுற புள்ளய நான் எங்கயும் பாத்ததில்ல" என்று உம்மா கவலைப்படுகிறார்.

எனக்குக் குடுவை வேண்டும். முடி போன்ற காம்பின் நுனியில் நிற்குமே, வித்துகள் இருக்கும் அந்தக் குடுவை. மூடி கழன்றதும் அதன் வாயைச் சுற்றித் தெரியும் பற்களைப் பார்க்காமல் இதற்குப் பெயர் சொல்ல முடியாது. மழை பிடித்துவிட்டதால் இப்போது கிடைக்கும்.

அதைவிட முக்கியம், எங்கே எடுத்தீர்கள்? பொட்டலத்தின் மேல் "தேயிலைத் தண்டில்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இடம் எழுதாத பாசி வெறும் குப்பை என்று பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். காட்டு எல்லைக் குழு ஓகஸ்ட் கடைசியில் மடுல்கெல்லப் பக்கம் வருகிறது. காடு எதுவரை, தோட்டம் எதுவரை என்று அவர்கள் கோடு போடுவதற்கு முன் என் தாவரப் பட்டியல் போயாக வேண்டும். உடனே எழுதுங்கள்.

மஸீனா

---

மேல் டிவிசன், மடுல்கெல்ல
21.06.1998

அன்பின் மஸீனா,

இடத்தை மறந்துபோய் எழுதாமல் விடவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

அது எங்கள் ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் மலை என்றால் ஒரு தேயிலைத் துண்டு, உங்களுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டுவதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் மரமாகி நிற்கின்றன. மேல் பக்கம் காடு முட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே எங்கள் மேட்டு லயம்.

அந்த லயத்தின் பின்சுவர் போன மாரியில் மண் சரிந்து வெடித்ததை எழுதியிருந்தேன். அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் இன்றுவரை, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில். என் அக்கா ரத்தினம்மாவும் கைப்பிள்ளையோடு அங்கேதான். எத்தனை மனு, எத்தனை நடை. கடைசியில் தோட்டத்துத் துரை இறங்கி வந்து, ஏழாம் நம்பரை வீடு கட்டத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் சரியாத நிலம் அது ஒன்றுதான். அடியில் பாறை. எல்லைக் குழு அதைக் காட்டோடு சேர்க்காமல் விட்டால் போதும், வீடு வரும்.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத பாசி ஏழாம் நம்பரில் இருக்கிறது என்று உங்கள் பட்டியல் சொன்னால், கோடு எங்கே விழும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறகு ஏன் எடுத்தேன், ஏன் அனுப்பினேன் என்று கேட்பீர்கள். கை தானாகப் போய் எடுத்துவிட்டது. மடித்த பிறகுதான் நிற்கிற இடம் நினைவுக்கு வந்தது. எறிந்துவிட மனம் வரவில்லை. என்னவென்று தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை, மஸீனா. உங்களாலும் முடியாது. அந்த ஒரு பலவீனத்தால்தான் அனுப்பினேன்.

பார்த்துவிட்டீர்கள் அல்லவா? போதும். அதைக் கண்டதாகவே எழுதாதீர்கள். இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

இராமகிருஷ்ணன்

---

குண்டசாலை
29.06.1998

இராமகிருஷ்ணன்,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கிழித்தவை இதைவிட மோசம்.

கண்டதைக் காணவில்லை என்று எழுதச் சொல்கிறீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை. நாம் செய்கிற வேலையில் என்ன இருக்கிறது? பெரிய சம்பளமா, பேரா? பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறோம் என்ற ஒன்றுதான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், மலை மலையாக ஏறி அட்டைக்கடி வாங்குவதற்கு என்ன அர்த்தம்?

அதோடு, இனி மறைக்கவும் முடியாது. எங்கள் துறைத் தலைவர் தானே குனிந்து பார்த்துவிட்டார். குடுவை கிடைத்ததா என்று காலையும் மாலையும் கேட்கிறார்.

உங்கள் ஆட்களின் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் உங்கள் ஆட்களுக்குப் பேச நீங்கள் இருக்கிறீர்கள், யூனியன் இருக்கிறது, வோட்டு இருப்பதால் அரசியல்வாதிகளும் இருக்கிறார்கள். இந்தப் பாசிக்கு யார் இருக்கிறார்கள்? போனால் போனதுதான்.

பதினெட்டாம் திகதி சனிக்கிழமை நானே வருகிறேன். குடுவையோடு எடுக்க வேண்டும். ஏழாம் நம்பருக்கு நீங்கள் கூட்டிப்போனால் நல்லது.

மஸீனா

---

மேல் டிவிசன், மடுல்கெல்ல
08.07.1998

மஸீனா அவர்களுக்கு,

உங்கள் ஆட்கள். ஒரே பந்தியில் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நுணுக்குக்காட்டியில் மாறி மாறிக் கண்ணை வைத்துப் பார்த்த காலத்தில் நான் யாருடைய ஆள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. மடுல்கெல்லவுக்குத் திரும்பி வந்ததும் ஆட்களில் ஒருவனாகிவிட்டேன். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஆட்களின் சங்கதி கேளுங்கள். நேற்று முழுக்க மழை. கொட்டகையின் ஒரு பக்கத்துத் தகரத்தைக் காற்றுத் தூக்கிவிட்டது. ரத்தினம்மா அக்கா அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் பிள்ளையின் துணியைக் காயப்போடுகிறார். துணி காய்வதற்குள் புகையில் பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது. துணியைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்கள் பட்டியலில் இதற்கு ஒரு இடம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் வீட்டுக் கூட்டம். வீட்டு வேலை ஏன் இழுபடுகிறது என்று எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று விசயத்தைச் சொல்லிவிட்டேன். கொழுந்து பறிக்கும் கூட்டத்தின் தலைச்சி வேலாயி அக்கா எழும்பிக் கேட்டார்:

"ஏன் மாஸ்டர், பாசியா நம்ம வீட்டத் தடுக்குது? காலம் பூரா சாக்க வச்சித் தேச்சித் தேச்சித் தள்ளுனோமே, அந்தப் பாசியா?"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்காது. கவ்வாத்து வெட்டி முடிந்ததும் பெண்கள் சாக்குத் துண்டோடும் தேங்காய் மட்டையோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியின் தண்டையும் தேய்த்துப் பாசியை எடுக்க வேண்டும். பாசி இருந்தால் துளிர் விடாது என்பது தோட்டத்துக் கணக்கு. ஒரு தண்டில் மிச்சம் வைத்தால் கங்காணி பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அவர்கள் கைக்குத் தெரிந்த பாசி அதுதான். அதைக் காப்பாற்ற ஒரு படித்த பெண் கண்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வருகிறேன் என்கிறீர்கள். வாருங்கள். ரோட்டு யாருக்கும் சொந்தமில்லை. ஏழாம் நம்பருக்கு வழி காட்ட நான் வரமாட்டேன்.

இராமகிருஷ்ணன்

---

குண்டசாலை
27.07.1998

அன்பின் இராமகிருஷ்ணன்,

பள்ளிக்கூட வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பார்த்தேன். கூப்பிட நினைத்தேன், குனிந்தபடி கடந்துவிட்டேன். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னைக் கூட்டிப்போனது உங்கள் அக்கா. "தம்பி கோவமா இருக்கான், அவன் கெடக்கட்டும். வழுக்கும் புள்ள, இந்தப் படங்கக் கட்டிக்கிருங்க" என்று தன் இடுப்புச் சாக்கை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்டார். மலையில் பாதி ஏறியதும் ஒன்று கேட்டார்: "இது எங்க வீட்டத் தடுக்குமா?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார். இறங்கி வந்ததும் கொட்டகைக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார். பிள்ளையின் இருமலை என் காதால் கேட்டேன். "உங்கள் ஆட்கள்" என்று எழுதியது தப்பு. என்னை மன்னியுங்கள்.

இனிச் சொல்வதைக் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படியுங்கள்.

குடுவை கிடைத்தது. பற்களைப் பார்த்துவிட்டேன். இது இதுவரை யாரும் எழுதி வைக்காத பாசி. அது ஒன்று. இரண்டாவது, அதைவிடப் பெரிய விசயம். ஏழாம் நம்பரின் மேல் ஓரத்தில் காட்டு மரங்கள் தேயிலைக்கு மேல் எழுந்து நிழல் கட்டிவிட்டன. அந்த நிழலில் தேயிலை சாகிறது. அங்கே ஒரு தண்டில்கூட இந்தப் பாசி இல்லை. காட்டுக்குள்ளும் தேடினேன், இல்லை. எங்கே இருக்கிறது என்றால், லயத்துப் பெண்கள் விறகு வெட்டி வெட்டி வெளிச்சம் விட்டிருக்கும் நடுப் பகுதியில், உயிரோடு நிற்கும் பழைய தேயிலையில் மட்டும். தேயிலை இருந்தால்தான் அது இருக்கும். ஆட்கள் நடமாடினால்தான் தேயிலை இருக்கும். காட்டோடு சேர்த்துப் பூட்டினால், கொஞ்ச வருடத்தில் பாசி அழிந்துவிடும்.

மூன்றாவது உங்களுக்குக் கசக்கும். குழுவின் வரைபடத்தை எங்கள் ஒபிஸில் பார்த்தேன். ஏழாம் நம்பரைக் காட்டோடு சேர்ப்பதாக முன்பே முடிவு செய்துவிட்டார்கள். பாசிக்காக இல்லை. மேல் ஓரத்தில் ஊற்று இருக்கிறதாம், நிலம் கைவிடப்பட்டதாம், காரணம் அவ்வளவுதான். துரை கொடுத்த வாக்கை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அவர்களுக்கு எதிராக எடுத்து வைக்க நம்மிடம் இருப்பது இந்தப் பாசி ஒன்றுதான். "இந்த நிலத்தை மனிதர் கையில் விட்டால்தான் இந்த உயிர் பிழைக்கும், வீடுகளுக்கு நடுவே தேயிலை வரிசைகளை வேலியாக விடுங்கள்" என்று எழுதப்போகிறேன். நான் கண்டதை எழுதினாலே போதும், உங்கள் அக்காவுக்கு வீடு வரும்.

ஓகஸ்ட் இருபத்தைந்தில் குழு வருகிறது. அதுவரை ஒரு செடியிலும் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தோட்டத்துத் தபால் ஒபிஸில் துரையின் ஆட்கள் கையில் இது சிக்க வேண்டாம் என்று தம்பி ஹபீலிடம் கொடுத்து, சாஹுல் ஹமீது நாநாவின் கடையில் வைக்கச் சொல்கிறேன். வழக்கம்போல் வியாழக்கிழமை போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மஸீனா

---

மேல் டிவிசன், மடுல்கெல்ல
03.08.1998

மஸீனா,

நீங்கள் வந்துபோன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. வியாழக்கிழமை வத்தேகமவுக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. சாஹுல் ஹமீது நாநாவின் மூத்த சகோதரர் மௌத்தாகி, எல்லோரும் அக்குறணைக்குப் போய்விட்டார்களாம். நீங்கள் எழுதியிருந்தாலும் இனி என்ன எழுதியிருப்பீர்கள்? பெயர் வைத்திருப்பீர்கள்.

நடந்ததை என் வாயாலேயே சொல்கிறேன். வேறு யாரும் சொல்லிக் கேட்க வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிரட்டுக்களத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். வேலை இல்லாத நாளில் இவ்வளவு பேர் எதற்கு என்று பார்த்தேன். ஒவ்வொருவர் கையிலும் சாக்குத் துண்டு, தேங்காய் மட்டை. வேலாயி அக்கா முன்னால். எங்கே என்று கேட்டேன். "ஏழாம் நம்பருக்குத்தான் மாஸ்டர். பாசி இருந்தாத்தானே தடுப்பாங்க? போறோம், தேச்சிட்டு வர்றோம்" என்றார்.

பின்னாலேயே போனேன். துரையின் வேலையில்கூட இவ்வளவு சுத்தத்தை நான் கண்டதில்லை. அடித்தண்டிலிருந்து கவை வரை, கவையிலிருந்து கிளை வரை. பாட்டும் கேலியுமாக ஒரு கலியாண வீடுபோல் இருந்தது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் மலை முழுவதும் முடிந்துவிட்டது. தேய்த்ததை எல்லாம் கூட்டி ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம், என் பேச்சைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அக்காவின் பிள்ளை அப்போதும் கீழே இருமிக்கொண்டுதான் இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டால் இன்னமும் அந்தப் பக்கம்தான் நிற்பேன்.

இனி ஏழாம் நம்பரில் நீங்கள் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நிம்மதியாகப் பட்டியலை முடியுங்கள்.

இராமகிருஷ்ணன்

---

குண்டசாலை
06.08.1998

இராமகிருஷ்ணன்,

என் ஜூலைக் கடிதம் அந்தக் கடையில்தான் கிடக்கிறது. கடை திறந்துவிட்டதாம். போய் எடுத்துப் படியுங்கள்.

படித்துவிட்டு வேலாயி அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கு வீடு வாங்கித் தரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் அந்த மலையில் இருந்தது. அதைத்தான் தேய்த்து ஆற்றில் தள்ளியிருக்கிறீர்கள்.

அழுதுகொண்டு எழுதுகிறேன். பாசிக்காகவா, உங்கள் அக்காவுக்காகவா என்று கேட்காதீர்கள்.

மஸீனா

---

மேல் டிவிசன், மடுல்கெல்ல
11.08.1998

அன்பின் மஸீனா,

படித்தேன். கடை வாசலிலேயே நின்று படித்தேன். சாஹுல் ஹமீது நாநா பயந்துபோய்க் கதிரையை இழுத்துப் போட்டார். "ஊட்டுல ஏதும் மவுத்தா மாஸ்டர்?" என்றார். தன் வீட்டு இழவின் களை மாறாத முகத்தோடு அவர் என்னைக் கேட்கிறார்.

கோயிலடியில் கூட்டம் வைத்துப் படித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. "அது நமக்குத் தொணையா இருந்துச்சின்னு யாருமே சொல்லலியே மாஸ்டர்" என்றார் வேலாயி அக்கா. என்னைக் குற்றம் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சொல்ல வேண்டியவன் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அதே பெண்கள் அதே மலையில் ஏறுகிறார்கள். இப்போது கையில் மட்டை இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கவைக்குள், பட்டை வெடிப்புக்குள், தண்டின் அடி மண்ணுக்குள் விரலை விட்டுத் தேடுகிறார்கள். நான் உங்கள் முதல் கடிதத்தில் இருந்த அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்தேன். பித்தளை நிறம், நுனியைத் தாண்டிய நரம்பு. ஆளுக்கு ஆள் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "இதா மாஸ்டர்? இதா பாருங்க." கைவில்லையை வைத்துப் பார்த்துப் பார்த்து இல்லை, இல்லை என்று சொல்லியே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒரு துண்டு இல்லை. தோட்டத்திலேயே நல்ல வேலைக்காரிகள் என்று பேர் வாங்கியவர்கள். மிச்சம் வைத்துப் பழக்கமில்லை.

இப்போது நான் கேட்கப்போவதைக் கேட்டு உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்ததை இல்லை என்று எழுதச் சொல்லி ஜூனில் கேட்டவன் நான். இன்றைக்கு மாறிக் கேட்கிறேன். ஜூலையில் கண்டதை மட்டும் எழுதுங்கள். உங்கள் கண்ணால் கண்டதுதான், கையில் பொட்டலமும் இருக்கிறது. ஓகஸ்டில் நடந்ததை எழுதாதீர்கள். மழைக்காலம். குழுவில் யாரும் மேலே ஏறிப் பார்க்க மாட்டார்கள்.

இனி உங்கள் முகத்தில் முழிக்க எனக்குத் தகுதியில்லை. இருந்தும் கேட்கிறேன். எனக்காக மட்டும் என்றால் கேட்டிருக்க மாட்டேன்.

இராமகிருஷ்ணன்

---

குண்டசாலை
30.08.1998

இராமகிருஷ்ணன்,

குழு வந்த அன்று நீங்களும் அங்கே இருந்தீர்கள். துரையின் பங்களா முற்றத்தில் பெண்களோடு பின்னால் நின்றீர்கள். ஆனால் சிங்களத்தில் நடந்தது முழுக்க அங்கே கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பதினோராம் திகதிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. ஜூலை மாதம் கண்டதை மட்டும் வைத்து அறிக்கையை முடித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் முழு வழியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழுத் தலைவர் நல்ல மனிதர். அறிக்கையை முழுக்கப் படித்திருந்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழுவில் ஊற்றைக் காரணம் காட்டியவர்கள் சத்தம் போட்டார்கள், கைவிட்ட நிலம் காட்டுக்குத்தான் சேர வேண்டும் என்றார்கள். அவர் கையமர்த்தினார். பனி இறங்கி மலையே தெரியவில்லை. மேலே ஏற அவருக்கு முழங்கால் விடவில்லை. என் பக்கம் திரும்பி அமைதியாகக் கேட்டார்: "நீங்கள் சொன்னால் போதும், மிஸ். இந்தப் பாசி இப்போதும் மேலே இருக்கிறதா?"

அறிக்கைக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று வந்தவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். "ஜூலையில் இருந்தது" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். உங்கள் பக்கம் பார்த்தேன். ரத்தினம்மா அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வேலாயி அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறது, சேர்" என்றேன்.

அவ்வளவுதான். கோடு ஏழாம் நம்பருக்கு மேலே போனது. தேயிலை வரிசைகளை வேலியாக விட வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலம் உங்களுக்கு. பெண்கள் சத்தம் போட்டுச் சந்தோசப்பட்டதைக் கேட்டேன். அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்து அழுதார். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

இப்போது அந்தப் பாசிக்குப் பெயர் வைக்கும் வேலை துறையில் மும்முரமாக நடக்கிறது. உலகத்திலேயே இது உயிரோடு இருக்கும் ஒரே இடம் மடுல்கெல்ல ஏழாம் நம்பர் மலை என்று என் கையெழுத்தோடு அச்சாகப்போகிறது. அந்த இடத்தில் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, என்னை நம்பி அந்த மலையில் தேடும். என்னை மட்டும் அல்ல, நான் எழுதிய எல்லாவற்றையும் நம்பித் தேடும்.

வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். காரணம் உடல்நலம் என்று எழுதினேன். பாருங்கள், ஒன்று சொல்லப் பழகினால் அடுத்தது எவ்வளவு இலேசாக வருகிறது. குழுத் தலைவர் திரும்பக் கேட்டாலும் இருக்கிறது என்றுதான் சொல்வேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இனிப் பொட்டலம் அனுப்பாதீர்கள். பிரித்துப் பார்க்க என்னால் முடியாது.

மஸீனா

---

ஏழாம் நம்பர் மலை, மேல் டிவிசன், மடுல்கெல்ல
21.02.1999

அன்பின் மஸீனா,

இதில் பொட்டலம் இல்லை. பயப்படாமல் பிரிக்கலாம்.

அத்திவாரம் எல்லாம் வெட்டியாகிவிட்டது. அக்காவின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் போடவில்லை. அது பொறுக்காமல் பொங்கலன்றே அங்கே போய் அடுப்பு மூட்டிவிட்டார். பிள்ளைக்கு இருமல் விட்டுவிட்டது. வீட்டுக்கு வீடு நடுவே தேயிலை வரிசை நிற்கிறது. வேலாயி அக்கா அதில் ஒரு ஆட்டை அண்ட விடுவதில்லை. வெற்றிலை எச்சில் கை பட்டால்கூட ஊரைக் கூட்டிவிடுகிறார். நிழல் விழாமல் மேல் ஓரத்துக் கிளைகளையும் ஆட்கள் முறை வைத்து வெட்டுகிறார்கள். நீங்கள் சொன்னது சொன்னபடி எல்லாம் நடக்கிறது.

நீங்கள் கண்டியில் ஒரு டியூட்டரியில் படிப்பிப்பதாகச் சாஹுல் ஹமீது நாநா சொன்னார். கேட்டுவிட்டுக் கடையில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

மழை பெய்து வெயில் எறித்த நாளெல்லாம் கைவில்லையோடு போய் வரிசை வரிசையாகப் பார்க்கிறேன். தேய்த்த தண்டுகளில் பச்சை திரும்பிவிட்டது. ஆனால் முதலில் வந்தவை எல்லாம் எங்கும் கிடைக்கும் சாதாரணப் பாசிகள். போன மாதம் அக்காவின் வேலியில் ஒன்று பித்தளை நிறத்தில் மினுங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வேறொன்றின் காய்ந்த நுனி.

வந்துவிட்டது என்று நான் ஒரு வரி எழுதினால் நீங்கள் திரும்பவும் அந்த மேசையில் போய் உட்காருவீர்கள். அக்காவும் அதைத்தான் சொல்கிறார். "எழுதிரு தம்பி. அந்தப் புள்ள மனசாவது ஆறட்டும். யாரு வந்து பாக்கப் போறா?" யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், உண்மைதான். நீங்கள்கூட வர மாட்டீர்கள். நேற்று எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் இரண்டு தடவை பொய் கேட்டவன், ஒரு தடவை பொய் தந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். கை ஓடவில்லை. எங்கள் எல்லோருக்கும் சேர்த்து நீங்கள் ஒன்று சொல்லிவிட்டீர்கள். இனி அந்த மலையைப் பற்றி நான் உங்களுக்கு எழுதுவதில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்கக் கூடாது.

இன்று காலையும் எல்லா வரிசையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் வரவில்லை, மஸீனா.

இராமகிருஷ்ணன்